எல்லாக் கட்சிகளும் உரிமை கோரும் லோகியா

புது தில்லி: நாடாளுமன்றத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனையைத் தில்லிவாசிகள் "ஆர்.எம்.எல்." என்ற மூன்று எழுத்துகளால்தான் அழைக்கின்றனர். அவை ராம் மனோகர் லோகியாவின் பெயரைக் குறிப்பவை என்பது அங்கு வரும் நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். அது வில்லிங்டன் மருத்துவமனையாக இருந்த காலத்தில், 1967 அக்டோபர் 12-ம் தேதி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் அங்கே லோகியா காலமானார். அப்போது அவருக்கு வயது 57. மனைவி, மக்கள் இல்லை. சொத்து என்று சொல்லும்படியாகவும் எதுவும் இல்லை. வாரிசுகளுக்கு மட்டும் குறைவில்லை. அவர்கள் அனைவரும் அரசியல் வாரிசுகள்.

அந்த வாரிசுரிமைக்கு இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் போட்டி நடக்கிறது. சமாஜவாதி கட்சியின் மேடைகளில் அவரது படம் இல்லாமல் இருப்பதில்லை. பிகாரில் லாலு பிரசாதும் நிதீஷ் குமாரும் எதிரெதிர் அணிகளில் இருந்தபோதும் இருவரும் அவர் பெயரைச் சொல்லத் தவறியதில்லை. லோகியாவின் கொள்கைக்கு அவரது சீடர்களே துரோகம் செய்துவிட்டனர் என்று 2019 மார்ச் 23-ம் தேதி, அவரது பிறந்த நாளன்று, பிரதமர் நரேந்திர மோடி ஒரு கட்டுரையே எழுதினார். வாழ்நாள் முழுவதும் லோகியா எதிர்த்த காங்கிரஸ் கட்சியோ, மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்ற முழக்கத்தை 2023 முதல் ராகுல் காந்தியின் வாயிலாக எழுப்பி வருகிறது. லோகியா உயிரோடு இருந்திருந்தால் இவற்றுள் எதைக் கேட்டு அதிகம் சிரித்திருப்பார் என்று சொல்வது கடினம்.

இந்தப் போட்டிக்குக் காரணம் நினைவஞ்சலி அல்ல. சாதிவாரிக் கணக்கெடுப்பு, எதிர்க்கட்சிகளின் கூட்டணி, ஒரே நேரத்தில் தேர்தல், மகளிர் ஒதுக்கீடு, ஆங்கிலமும் இந்தியும் என, கடந்த சில ஆண்டுகளாகத் தில்லி அரசியலைச் சூடாக்கிய பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் லோகியா தொடங்கி வைத்த விவாதங்களின் தொடர்ச்சியே.

வாக்குக் கணக்கு

1910-ல் அன்றைய பைசாபாத் மாவட்டத்தின் அக்பர்பூரில் பிறந்த லோகியா, பெர்லின் பல்கலைக்கழகத்தில் உப்பு வரி குறித்த ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி உருவானபோது அதில் முன்னின்றார். 1936-ல் காங்கிரஸ் தலைவராக இருந்த நேருவின் அழைப்பின் பேரில் கட்சியின் வெளிநாட்டுத் துறையைக் கவனித்தார். 1942 போராட்டத்தின்போது தலைமறைவாக இருந்து இயங்கி, 1944-ல் பிடிபட்டு, லாகூர் கோட்டைச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளானார். விடுதலையான சில வாரங்களில், 1946 ஜூன் 18-ல், போர்ச்சுகீசிய ஆட்சியின் கீழிருந்த கோவாவின் மட்காவ் நகரில் தடையை மீறிப் பொதுக்கூட்டத்துக்குச் சென்று கைதானார். கோவா இன்றும் அந்த நாளைப் "புரட்சி தினம்" எனக் கொண்டாடுகிறது.

அப்படிப்பட்டவர் பின்னாளில் நேருவின் மிகக் கடுமையான விமர்சகராக மாறியதற்குத் தனிப்பட்ட கசப்பு ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு. அது முழு உண்மையாக இருக்க முடியாது. தேர்தல் முடிவுகளில் லோகியா கண்ட ஓர் எளிய கணக்கே அவரது அரசியலைத் தீர்மானித்தது. 1952-ல் 45 சதவீதம், 1957-ல் ஏறத்தாழ 48 சதவீதம், 1962-ல் ஏறத்தாழ 45 சதவீதம் என, நேரு காலத்துக் காங்கிரஸ் ஒருமுறைகூடப் பாதி வாக்குகளைப் பெற்றதில்லை. ஆனால் 1962-ல் மக்களவையின் 494 இடங்களில் 361 இடங்கள் அதற்குக் கிடைத்தன. பெரும்பான்மை மக்கள் எதிர்த்து வாக்களித்தும் ஆளும் கட்சி அசையாமல் இருப்பதற்கு எதிர்க்கட்சிகளின் சிதறலே காரணம் என்றார் லோகியா. தொகுதிக்கு ஒரே எதிர்க்கட்சி வேட்பாளர் என்ற ஏற்பாட்டை அவர் வலியுறுத்தினார். அதற்குக் "காங்கிரஸ் எதிர்ப்பு வாதம்" என்ற பெயர் நிலைத்தது.

1967 தேர்தலில் அந்த வாதம் பலித்தது. மக்களவையில் காங்கிரஸின் பலம் 283 ஆகச் சுருங்கியது. பல மாநிலங்களில் ஆட்சி பறிபோனது. சென்னை மாநிலத்தில் ராஜாஜியின் சுதந்திரா கட்சி உள்ளிட்டவற்றுடன் கூட்டணி கண்ட தி.மு.க., அண்ணா தலைமையில் ஆட்சியைப் பிடித்ததும் அதே ஆண்டில்தான். பிகாரில் ஜனசங்கமும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தன! உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸிலிருந்து வெளியேறிய சரண் சிங் முதல்வரானார்.

இப்போது பெயர்களை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பா.ஜ.க. 2014-ல் 31 சதவீத வாக்குகளும் 2019-ல் 37 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவும் பெற்றுத் தனிப் பெரும்பான்மை கண்டது. 2023 ஜூலையில் பெங்களூரில் "இந்தியா" எனப் பெயர் சூட்டிக்கொண்ட எதிர்க்கட்சி அணி, இயன்ற தொகுதிகளில் எல்லாம் ஒருவருக்கு எதிராக ஒருவர் என்ற ஏற்பாட்டை முயன்றது. 2024-ல் பா.ஜ.க.வின் வாக்கு விகிதம் ஒரு சதவீத அளவுக்குக்கூடக் குறையவில்லை. இடங்களோ 303-லிருந்து 240-க்கு இறங்கின. உத்தரப் பிரதேசத்தில் சமாஜவாதி 37, காங்கிரஸ் 6 என எதிரணிக்கு 43 இடங்கள் கிடைத்தன. லோகியாவின் கணக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் செல்லுபடியாகிறது. காங்கிரஸுக்கு எதிராக அவர் வகுத்த உத்தியில் காங்கிரஸே உயிர் பிழைத்தது என்பதுதான் முரண்.

ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். 1963 இடைத்தேர்தல்களில் லோகியா பரூக்காபாதிலும் ஜனசங்கத்தின் தீனதயாள் உபாத்யாய ஜான்பூரிலும் போட்டியிட்டனர். உபாத்யாயவுக்காக லோகியா பிரசாரம் செய்தார். 1964 ஏப்ரல் 12-ல் இருவரும் சேர்ந்து இந்திய - பாகிஸ்தான் கூட்டமைப்பு குறித்து அறிக்கை வெளியிட்டனர். அதுவரை தீண்டத்தகாத கட்சியாக ஒதுக்கப்பட்டிருந்த ஜனசங்கத்துக்கு ஆட்சி அதிகாரத்தின் முதல் சுவையை 1967 கூட்டணிகளே காட்டின. சோஷலிஸ்டுகளுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. லோகியாவின் நோக்கம் காங்கிரஸை வீழ்த்துவது மட்டும் அன்று. வீழ்த்திய பிறகு ஆறே மாதங்களில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைச் செய்து காட்ட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கட்டுப்படியாகாத சிறு நிலங்களுக்கு நிலவரியை ரத்து செய்யுமாறு புதிய அரசுகளை அவர் நச்சரித்தார். நிபந்தனை மறக்கப்பட்டது, கூட்டணி மட்டும் நினைவில் நின்றது. அவர் இறந்து நான்கு மாதங்களுக்குள் பிகார் அரசு கவிழ்ந்தது. ஒரே நேரத்தில் மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் தேர்தல் என்ற வழக்கமும் அந்தக் கவிழ்ப்புகளோடுதான் முறிந்தது.

2024 டிசம்பர் 17-ல் மக்களவையில் அறிமுகமாகி நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட அரசியல் சாசனத் திருத்த மசோதா, 1967-க்கு முந்தைய அந்த ஒழுங்கை மீட்க விரும்புகிறது. லோகியாவின் பார்வை இதற்கு நேர் எதிரானது. உயிருள்ள சமுதாயம் ஐந்தாண்டு வரை வாய்மூடிக் காத்திருக்காது என்பது அவரது உறுதியான எண்ணம். ஆட்சிகளின் நிலையற்ற தன்மையை நோயாக மற்றவர்கள் பார்த்தனர். மக்கள் விழித்திருப்பதன் அடையாளமாக அவர் பார்த்தார். வளர்ச்சிப் பணிகள் தேர்தல் நடத்தை விதிகளால் தடைபடுகின்றன என்று கவலைப்படுவோருக்கு இது பொறுப்பற்ற பேச்சாகத் தோன்றலாம். ஐந்தாண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் வாக்காளனிடம் பணிவு காட்டினால் போதும் என்ற நிலை வந்துவிடக்கூடாது என்று அஞ்சுவோருக்கோ லோகியா இன்னமும் துணை.

நூற்றுக்கு அறுபது

இந்திய இடதுசாரிகள் வர்க்கத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், வட இந்தியாவில் சாதியை அரசியலின் மையத்துக்குக் கொண்டு வந்தவர் லோகியா. இந்தியாவின் ஆளும் வர்க்கத்துக்கு உயர்சாதிப் பிறப்பு, செல்வம், ஆங்கிலக் கல்வி என்ற மூன்று அடையாளங்கள் உண்டு. இவற்றில் இரண்டு இருந்தாலே ஒருவர் அந்த வர்க்கத்தில் சேர்ந்துவிடுகிறார் என்பது அவரது விளக்கம். தில்லியின் அரசு அலுவலகங்களையும் பத்திரிகை அலுவலகங்களையும் அறிந்தவர்கள் இதில் பெரிய பிழை காண மாட்டார்கள். ஆட்சி, ராணுவம், கட்சிகள் ஆகியவற்றின் தலைமை இடங்களில் நூற்றுக்கு அறுபதைப் பின்தங்கியோருக்கு ஒதுக்க வேண்டும் என்று அவரது கட்சி முழங்கியது.

இங்கேதான் பலரும் விட்டுவிடும் ஒரு நுட்பம் உள்ளது. லோகியாவின் அந்த அறுபதில் பிற்படுத்தப்பட்ட சாதியினர் மட்டும் அடங்கவில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறுபான்மையினரில் பின்தங்கியோர் ஆகியோருடன், எல்லாச் சாதிகளையும் சேர்ந்த பெண்களும் அதில் அடக்கம். பிராமணப் பெண்ணும் அவர் பட்டியலில் பின்தங்கியவரே. மேலும், எண்ணிக்கையில் பெரிய ஒன்றிரண்டு சாதிகள் பலன் முழுவதையும் விழுங்கிவிட்டுச் சின்னஞ்சிறு சாதிகளைப் பழையபடியே விட்டுவிடும் அபாயத்தையும் அவர் முன்கூட்டியே சொன்னார். தென்னாட்டில் பிராமணரின் இடத்தை முதலியார்களும் ரெட்டிகளும் பிடித்ததை அதற்கு உதாரணமாகக் காட்டினார். திராவிட இயக்கத்தாருக்கு இது உவப்பான பேச்சாக இருந்திருக்காது. ஆயினும் பின்னாளில் தமிழகத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிப் பிரிவு உருவானபோது எழுந்த வாதமும் ஏறத்தாழ இதுவே.

அவரது எச்சரிக்கைக்குச் செவி சாய்த்தவர் பிகாரின் கர்ப்பூரி தாக்கூர் ஒருவர்தான் எனலாம். நாவிதர் சமூகத்தைச் சேர்ந்த அவர், முதல்வராக இருந்த 1978-ல் 26 சதவீத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தார். அதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12, பிற்படுத்தப்பட்டோருக்கு 8, பெண்களுக்கு 3, உயர்சாதி ஏழைகளுக்கு 3 என நான்காகப் பிரித்தார். லோகியாவின் சிந்தனை சட்ட வடிவம் பெற்ற இடம் அதுவே. அதற்காக அவர் பட்ட வசவுகள் ஏராளம். அடுத்த ஆண்டே பதவியும் போனது. 2024 ஜனவரியில், அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பின், பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. சில நாள்களிலேயே நிதீஷ் குமார் மீண்டும் பா.ஜ.க. அணிக்குத் திரும்பினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு பிகார்க்காரரின் கதை விசித்திரமானது. 1967-ல் லோகியாவின் கட்சியைச் சேர்ந்த பி.பி. மண்டல், மக்களவை உறுப்பினராக இருந்துகொண்டே மாநில அமைச்சரானார். தில்லிக்கு அனுப்பப்பட்டவர் பாட்னாவில் அமைச்சராவது முறையல்ல என்றார் லோகியா. மனம் நொந்த மண்டல் கட்சியை உடைத்து, அரசையும் கவிழ்த்து, 1968-ல் சில வாரங்கள் முதல்வராகவும் இருந்தார். பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்குப் பின்னாளில் தலைமை ஏற்று, மத்திய அரசுப் பணிகளில் 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு வழிகாட்டிய அதே மண்டல்தான் இவர். லோகியாவை எதிர்த்து வெளியேறியவரே லோகியாவின் கொள்கைக்கு நாடு தழுவிய வாழ்வு தந்தார்.

2023 அக்டோபர் 2-ல் பிகார் வெளியிட்ட சாதிவாரிக் கணக்கு லோகியாவின் இரு கூற்றுகளுக்கும் சான்றாயிற்று. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 27.12 சதவீதம். இரண்டும் சேர்ந்து 63-ஐத் தாண்டுகின்றன. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சியின் தலைமை யாதவ, குர்மி தலைவர்களின் கையிலேயே பெரும்பாலும் இருந்து வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சாதிகளைக் கொண்ட அந்த 36 சதவீதத்தினர் வாக்களிக்கும் கூட்டமாகவே மதிக்கப்பட்டனர். மத்திய ஒதுக்கீட்டை உட்பிரிவு செய்ய 2017-ல் அமைக்கப்பட்ட நீதிபதி ரோகிணி ஆணையம், பலமுறை கால நீட்டிப்பு பெற்று 2023 ஜூலையில் அறிக்கை அளித்தது. அந்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ அதை வெளியிட அரசு அவசரம் காட்டவில்லை. உட்பிரிவு என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாக் கட்சிகளும் மௌனமாகிவிடுகின்றன.

கணக்கெடுப்புக்குப் பின் ஒதுக்கீட்டை 65 சதவீதமாக உயர்த்திய பிகாரின் சட்டத்தை 2024 ஜூனில் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 50 சதவீதம் என்ற 1992-ம் ஆண்டின் உச்ச வரம்பு குறுக்கே நிற்கிறது. இந்த நிலையில்தான் 2025 ஏப்ரல் 30-ல் மத்திய அமைச்சரவைக் குழு, நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்க்க முடிவு செய்தது. 1931-க்குப் பின் எல்லாச் சாதிகளையும் எண்ணும் முதல் முழுமையான கணக்கெடுப்பு இது. ஜூன் 16-ல் வெளியான அறிவிக்கை, பெரும்பாலான பகுதிகளுக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கெடுப்புத் தேதியாகக் குறித்தது. எண்ணுவது வரை எல்லோரும் லோகியாவாதிகளே. எண்ணிய பின் பங்கிடும்போதுதான் உண்மை தெரியும்.

பெண்கள் விஷயத்தில் லோகியாவின் சீடர்கள் நடந்துகொண்ட விதம் பெருமைக்குரியது அல்ல. 1998-ல் மகளிர் மசோதாவின் நகல் மக்களவையில் பறிக்கப்பட்டுக் கிழிக்கப்பட்டது. 2010-ல் மாநிலங்களவையில் அமளி நடந்தது. இரண்டிலும் முன்னின்றவர்கள் அவர் பெயரைச் சொன்னவர்களே. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு வேண்டும் என்ற அவர்களது வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கால் நூற்றாண்டுக் காலம் தங்கள் கட்சிகளில் அத்தகைய பெண்களுக்கு எத்தனை தொகுதிகளை விட்டுக்கொடுத்தனர் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. தலைவர்களின் மனைவியரும் மருமகளும் வேண்டுமானால் விதிவிலக்கு. 2023 செப்டம்பரில் 454 பேர் ஆதரவுடன் மக்களவை நிறைவேற்றிய சட்டத்தில் உள் ஒதுக்கீடு இல்லை. அது நடைமுறைக்கு வருவதும் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகியவற்றோடு பிணைக்கப்பட்டது.

ஆங்கிலமா, இந்தியா?

தமிழ் வாசகர்களுக்கு லோகியாவிடம் உள்ள மனத்தடை மொழி குறித்தது. 1950-களின் பிற்பகுதியில் "ஆங்கிலத்தை அகற்று" இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். நாடாளுமன்றத்தில் இந்தியில் மட்டுமே பேசினார். (அவரது முக்கியமான நூல்களில் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதை அவரது சீடர்கள் அதிகம் சொல்வதில்லை.) ஆங்கிலத்தை அகற்றுவதும் இந்தியைத் திணிப்பதும் ஒன்றல்ல, அந்தந்த மாநிலத்தில் அந்தந்த மொழியே ஆள வேண்டும் என்பது அவரது விளக்கம். நீதிமன்றத்தில் தன் வழக்கு என்ன என்றே புரியாமல் நிற்கும் விவசாயியே அவரது வாதத்தின் மையம். அந்த வாதம் தமிழகத்துக்கும் பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டப்பேரவையே தீர்மானம் நிறைவேற்றியும் அந்தக் கோரிக்கை நிறைவேறாமல் கிடந்ததை நினைத்தால் போதும்.

ஆயினும் ஆங்கிலம் அகன்ற இடத்தில் மத்தியில் எந்த மொழி அமரும் என்ற கேள்விக்கு, 1965-ல் தெருவில் இறங்கிய தமிழக மாணவர்களின் அச்சத்தைத் தீர்க்கும் விடையை அவர் தரவில்லை. வட இந்தியாவில் ஆங்கிலம் உயர்சாதியின் ஆயுதம். தமிழகத்தில் அதே ஆங்கிலம் ஒடுக்கப்பட்டோருக்கு ஏணியாகவும் இந்திக்கு எதிரான கேடயமாகவும் பயன்பட்டது. இந்த வேறுபாட்டை அவர் போதுமான அளவு உணரவில்லை என்றே கூற வேண்டும்.

2025 ஜூனில், நாட்டில் ஆங்கிலம் பேசுவோர் வெட்கப்படும் காலம் தொலைவில் இல்லை என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசினார். கேட்பதற்கு லோகியாவின் குரல் போலவே இருந்தது. ஆனால் அதே ஆண்டில்தான் மும்மொழிக் கொள்கையை உள்ளடக்கிய தேசியக் கல்விக் கொள்கையின் பேரில் தமிழகத்துக்கு உரிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதி நிறுத்தப்பட்டதாக மாநில அரசு குற்றம் சாட்டியது. மகாராஷ்டிரத்தில் முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கும் உத்தரவு கடும் எதிர்ப்புக்குப் பின் ஜூன் 29-ல் திரும்பப் பெறப்பட்டது. மாநில மொழியை ஆட்சியில் அமர்த்துவதற்காக ஆங்கிலத்தை எதிர்ப்பது ஒன்று. நிதியைக் காட்டி மொழிப் பாடத்தை நுழைப்பது வேறு. சீடர்களின் நிலையோ வேடிக்கையானது. 2009 தேர்தல் அறிக்கையில் ஆங்கிலக் கல்வியையும் கணினியையும் எதிர்த்த சமாஜவாதி கட்சி, 2012-ல் ஆட்சிக்கு வந்ததும் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது.

மூன்று அணா

மக்களவையில் லோகியா இருந்தது நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். 1962-ல் பூல்பூரில் நேருவை எதிர்த்துத் தோற்ற அவர், 1963 இடைத்தேர்தலில் வென்று உள்ளே நுழைந்தார். அந்த ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்த, சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது, நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கின்றனர் என்றார். பிரதமருக்காக நாள்தோறும் 25 ஆயிரம் ரூபாய் செலவாகிறது என்பதையும் அதோடு இணைத்தார். நேரு மறுத்தார், பதினைந்து அணா என்றார். லோகியா விடவில்லை. சராசரி என்பது செல்வந்தனின் வருமானத்தை ஏழையின் தலையில் கட்டும் தந்திரம், கீழ்த்தட்டில் உள்ள அறுபது சதவீதத்தினரைத் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள் என்று அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே வாதாடினார். வறுமை என்பது அனுதாபத்துக்குரிய பொருளாக இருந்த நிலை மாறி, அவையில் எண்களால் சண்டையிட வேண்டிய பொருளானது அன்றுதான்.

2011-ல் நகரத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவிடுவோர் ஏழைகள் அல்லர் என்று திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் கூறியபோது எழுந்த கொந்தளிப்பு அதே சண்டையின் மறுபதிப்பு. இன்று கடும் வறுமை வெகுவாகக் குறைந்துவிட்டதாக உலக வங்கியின் 2025 கணக்கு சொல்கிறது. மறுபுறம், ஏறத்தாழ 81 கோடிப் பேருக்கு இலவச உணவு தானியம் வழங்கும் திட்டம் 2024 தொடக்கத்திலிருந்து மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. இரண்டும் ஒரே அரசு பெருமையோடு சொல்லும் செய்திகள். இரண்டையும் அருகருகே வைத்து அவையில் கேள்வி கேட்க இன்று ஒருவர் எழுந்தால், அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கப்படுமா என்பது ஐயமே.

சிறையிலிருந்து வந்த தந்தி

லோகியாவின் வாழ்வில் தமிழர்கள் அதிகம் நினைவுகூர வேண்டிய நிகழ்ச்சி, வட இந்திய மேடைகளில் அரிதாகவே பேசப்படுகிறது. 1954-ல் திருவிதாங்கூர் - கொச்சியில் பட்டம் தாணுப் பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் அரசு நடந்தது. தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின்போது, ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் தமிழர்கள் உயிரிழந்தனர். கட்சியின் பொதுச் செயலர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். உயர்த்தப்பட்ட கால்வாய் நீர் வரியைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காக ஜூலையில் கைதாகியிருந்தார். சிறையிலிருந்தே அவர் தந்தி கொடுத்தார்: சுதந்திர நாட்டில் ஆயுதமற்ற மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும், அது தம் கட்சியின் அரசாகவே இருந்தாலும்.

சோஷலிஸ்டுகளின் கையில் அன்று இருந்த ஒரே மாநில அரசு அது. கட்சி மறுத்தது. லோகியா பொதுச் செயலர் பதவியைத் துறந்தார். பிளவு வளர்ந்து, 1955 இறுதியில் தனியாகச் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். அதன் பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அரசியல் வனவாசம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழகத்துடன் இணைந்தது.

அந்தக் கோட்பாட்டை அவரது சீடர்கள் பின்பற்றவில்லை. தனி மாநிலம் கேட்டுத் தில்லிக்குப் பேரணியாக வந்த உத்தரகண்ட் மக்கள் மீது 1994 அக்டோபர் 2-ம் தேதி, காந்தி ஜயந்தியன்று, முசாபர்நகர் அருகே உத்தரப் பிரதேசப் போலீசார் சுட்டபோது முதல்வராக இருந்தவர் முலாயம் சிங். 1967-ல் லோகியாவின் கட்சி வேட்பாளராக முதன்முதலில் சட்டப்பேரவைக்குள் நுழைந்தவர். அவர் பதவி விலகவில்லை. 2007-ல் நந்திகிராமில் 14 பேர் இறந்தபோது இடதுசாரி அரசும், 2018-ல் தூத்துக்குடியில் 13 பேர் இறந்தபோது அ.தி.மு.க. அரசும் விலகவில்லை. அப்படி ஒரு கோரிக்கை ஆளும் கட்சிக்குள்ளிருந்தே எழக்கூடும் என்பதே இன்று நம்ப முடியாத செய்தியாகிவிட்டது.

கால்வாய் வரிக் கைது இன்னொரு வகையில் இன்றைய இந்தியாவுடன் தொடர்புடையது. வரி கட்டாதே என்று பேசுவதையே குற்றமாக்கிய உத்தரப் பிரதேசச் சட்டத்தின் பிரிவு செல்லாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1960-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பேச்சுக்கும் பொது ஒழுங்கு குலைவதற்கும் இடையே நெருங்கிய, நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். எட்டாத் தொலைவில் உள்ள ஊகத்தை வைத்துப் பேச்சுரிமையைப் பறிக்க இயலாது என்றது நீதிமன்றம். 1966-ல் லோகியா மீண்டும் ஒரு வழக்கில் வென்றார். பிகார் அரசு அவரைப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் காவலில் வைத்ததை ரத்து செய்த அந்தத் தீர்ப்பில், நீதிபதி இதயத்துல்லா மூன்று வட்டங்களை உருவகமாகக் காட்டினார். பெரிய வட்டம் சட்டம் - ஒழுங்கு, அதனுள் பொது ஒழுங்கு, அதனினும் சிறியது நாட்டின் பாதுகாப்பு. ஒவ்வொரு சட்டமீறலும் பொது ஒழுங்குக் குலைவு ஆகாது. ஒவ்வொரு குலைவும் நாட்டுக்கு ஆபத்து ஆகாது.

இணையத்தில் கருத்து எழுதியவர்களைக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, இந்த இரு லோகியா வழக்குகளையும் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டது. கால்வாய் நீர் வரியில் தொடங்கிய வழக்கு, கணினித் திரை வரை வந்து சேர்ந்தது. மேடைகளில் வைக்கப்படும் படங்களைவிட இந்தத் தீர்ப்புகளே லோகியாவின் உயிருள்ள சொத்து. தடுப்புக் காவலுக்கும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கும் எதிராக நீதிமன்றம் செல்லும் வழக்குரைஞர்கள் இன்றும் அந்த மூன்று வட்டங்களைச் சுட்டிக்காட்டியே வாதாடுகின்றனர்.

நடக்காத சந்திப்பு

லோகியாவின் கூட்டணிக் கணக்குகளில் கைகூடாமல் போன ஒன்று மிகப் பெரியது. 1956-ல் அம்பேத்கருடன் இணைந்து செயல்பட அவர் முயன்றார். இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. நேரில் சந்தித்துப் பேச இருந்த வேளையில், டிசம்பர் 6-ம் தேதி அம்பேத்கர் மறைந்தார். பிற்படுத்தப்பட்டோரும் தாழ்த்தப்பட்டோரும் ஒரே அரசியலாகத் திரளும் வாய்ப்பு அத்துடன் பல பத்தாண்டுகள் தள்ளிப்போயிற்று. 1993-ல் முலாயமும் கான்ஷிராமும் சேர்ந்து உத்தரப் பிரதேசத்தில் ஆட்சி அமைத்தனர். 1995 ஜூனில் லக்னௌ விருந்தினர் மாளிகையில் மாயாவதி தாக்குதலுக்கு உள்ளானதோடு அது முறிந்தது. 2019-ல் மீண்டும் சேர்ந்தனர். தேர்தல் முடிந்ததும் பிரிந்தனர். கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் பிற்படுத்தப்பட்டவருக்கும் அதில் கூலி வேலை செய்யும் தலித்துக்கும் இடையே உள்ள பகையை மேல்மட்டத் தலைவர்களின் கைகுலுக்கல் தீர்த்துவிடாது என்பதை இரு முறையும் வாக்காளர்கள் உணர்த்தினர்.

1995-ல் மாயாவதி முதல்வரானபோது பைசாபாத் மாவட்டத்தைப் பிரித்து, லோகியா பிறந்த அக்பர்பூரைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு அம்பேத்கர் நகர் என்று பெயரிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள், சிறுபான்மையினர் என்ற முழக்கத்துடன் களம் இறங்கிய சமாஜவாதி கட்சி அம்பேத்கர் நகர் தொகுதியை வென்றது. வென்றவர் முன்பு மாயாவதியின் கட்சியில் இருந்தவர். அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத் தொகுதி பொதுத் தொகுதி. ராமர் கோயில் திறக்கப்பட்டு ஐந்து மாதங்கள்கூட ஆகாத நிலையில் அங்கே அதே கட்சி, தாழ்த்தப்பட்ட பாசி சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாதை நிறுத்தி வெற்றி கண்டது.